தடித்த வாள் ஏன் முதலில் உடைகிறது?

கேள்வி

சம்பூரில் நானும் தம்பியும் சேர்ந்து சின்னதாக ஒரு மர ஆலை நடத்துகிறோம். 2006இல் இடம்பெயர்ந்து, கிளிவெட்டி முகாமில் இருந்து, காணி விடுபட்ட பிறகு திரும்பி வந்த குடும்பம் எங்களுடையது. ஊரில் வீடு கட்டுகிறவர்களுக்கு நிலை, கதவுப் பலகை, கைமரம் எல்லாம் அரிந்து கொடுக்கிறோம். எங்களிடம் இருப்பது 36 அங்குலச் சக்கரம் வைத்த பழைய பாண்ட்சோ. வாள் 4 அங்குல அகலம், 20 அடி சுற்று. 20 கேஜ் வாள் அடிக்கடி உடைகிறது என்று 18 கேஜ் வாங்கிப் போட்டோம். அது இன்னும் கெதியாக உடைகிறது. முதிரை அரியும்போது பலகை ஒரு பக்கம் தடிப்பாகவும் மற்றப் பக்கம் மெல்லிசாகவும் வருகிறது. வளவுகளில் தறித்துக் கொண்டுவரும் பழைய வேம்புக்குள் ஷெல் துண்டு இருந்து, ஒரு வாளில் பல் வரிசையாகவே போய்விட்டது. இந்த மெஷினை விற்றுவிட்டுப் புதிது வாங்குவதா, இதையே திருத்தி ஓட்டுவதா?

— வாசகர், சம்பூர்

பதில்

தம்பி, மெஷினை விற்க அவசரப்பட வேண்டாம். முதலில் அந்த 18 கேஜ் வாளைக் கழற்றி ஓரமாக வையுங்கள். மற்றதைப் பிறகு பார்ப்போம்.

தடித்தது பலமானது என்பது கோடரிக்குச் சரி, பாண்ட்சோ வாளுக்குச் சரிவராது. உங்கள் வாள் மரத்தை மட்டும் அரியவில்லை. மேல் சக்கரத்தில் ஒரு தடவை, கீழ்ச் சக்கரத்தில் ஒரு தடவை வளைந்து நிமிர்ந்தபடியே ஓடுகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 36 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவு சுமார் 9.4 அடி. சக்கரம் நிமிடத்துக்கு 600 சுற்று என்று வைத்தால் வாள் நிமிடத்துக்கு ஏறக்குறைய 5,650 அடி ஓடும். 20 அடி வாள் அந்த ஒரு நிமிடத்தில் 280 தடவைக்கு மேல் சுற்றி வருகிறது. சுற்றுக்கு இரண்டு வளைவு. ஆக, ஒரு மணித்தியாலத்தில் வாளின் ஒவ்வோர் இடமும் கிட்டத்தட்ட 34,000 தடவை வளைந்து நிமிர்கிறது. கட்டுக்கம்பியைக் கையால் மடித்து மடித்து முறிக்கிறோமே, அதே காரியத்தைத்தான் சக்கரங்கள் வாளுக்குச் செய்துகொண்டிருக்கின்றன.

இப்படி வளையும்போது இரும்பில் ஏறும் தகைப்பு வாளின் தடிப்போடு கூடும், சக்கரத்தின் விட்டத்தோடு குறையும். 20 கேஜ் என்பது ஏறக்குறைய 0.91 மில்லிமீற்றர், 18 கேஜ் 1.22. தடிப்பு மூன்றில் ஒரு பங்கு கூடியதால் வளைவுத் தகைப்பும் மூன்றில் ஒரு பங்கு கூடிவிட்டது. வாளின் ஆயுளோ அந்த அளவோடு குறைந்து நிற்காது. தகைப்பு கொஞ்சம் கூடினாலே வெடிப்பு மிக முந்தி விழும். பெரிய வாள்களுக்கு மர ஆலைக்காரர் கைக்கொள்ளும் பழைய விதி ஒன்று உண்டு: வாளின் தடிப்பு சக்கர விட்டத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. உங்கள் சக்கரம் 914 மில்லிமீற்றர். அதற்குப் பொருந்துவது 20 கேஜ்தான். 18 கேஜ் போட வேண்டுமானால் 48 அங்குலச் சக்கரம் வேண்டும்.

அப்படியானால் 20 கேஜ் ஏன் உடைந்தது? அதற்கான பதில் உடைந்த வாளிலேயே இருக்கிறது.

உடைந்தது எந்த இடத்தில்?

"வாள் உடைகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த இடத்தில் என்று எழுதவில்லை. உடைந்த வாளைப் பழைய இரும்புக்குப் போடுமுன் வெயிலில் நீட்டிப் போட்டுப் பாருங்கள். உடைந்த இடத்துக்குப் பக்கத்தில் உடையக் காத்திருக்கும் வேறு வெடிப்புகளும் இருக்கும். கண்ணுக்குத் தெரியாவிட்டால் மண்ணெண்ணெய் பூசிக் கொஞ்ச நேரம் விட்டு, நன்றாகத் துடைத்துவிட்டு, சோக்குத் தூளைத் தடவுங்கள். வெடிப்புக்குள் இறங்கிய எண்ணெய் மெல்லக் கசிந்து சோக்கில் கோடாகத் தெரியும்.

வெடிப்பு பல்லுக்கும் பல்லுக்கும் இடையிலுள்ள குழியில் தொடங்கியிருந்தால் பழுது தீட்டுவதில் இருக்கிறது. மழுங்கிய பல்லோடு மரத்தைத் தள்ளினால் அந்தச் சுமை முழுவதையும் குழிதான் தாங்கும். குழி உருண்டையாக இருக்க வேண்டும். மூலை விழும்படி அராவினால் அந்த மூலையில்தான் வெடிப்பு முளைக்கும். கிறைண்டரை அழுத்திப் பிடித்துத் தீட்டியதில் பல்லோ குழியோ நீலம் பூத்திருந்தால், அந்த இடம் கண்ணாடிபோல உடையத் தயாராகிவிட்டது என்று அர்த்தம். ஒரே தடவையில் ஆழமாகத் தீட்டாமல், இலேசாகத் தொட்டுத் தொட்டு இரண்டு மூன்று சுற்று தீட்டுங்கள். நீலம் பூத்த பகுதி முழுவதும் தீட்டுப்பட்டுப் போகும்வரை அந்த வாளை நம்ப வேண்டாம்.

வெடிப்பு முதுகில் தொடங்கியிருந்தால் தீட்டுவதைக் குறை சொல்ல முடியாது. வாள் பின்னால் எதிலோ உரசிக்கொண்டு ஓடுகிறது. மெஷின் வெறுமனே ஓடும்போது பின்பக்கக் கைட்டுக்கும் முதுகுக்கும் இடையில் ஒரு தீக்குச்சித் தடிப்பு இடைவெளி இருக்க வேண்டும். மரம் தள்ளும்போது மட்டும் தொடலாம். எப்போதும் தொட்டுக்கொண்டே ஓடினால் முதுகு சூடேறி, பளபளத்து, மயிரிழை வெடிப்புகள் விழும். சக்கரத்தின் சாய்வைத் திருத்தி வாளை முன்னுக்குக் கொண்டுவாருங்கள். ஆனால் அளவோடு. பற்களும் அவற்றின் குழியும் சக்கர விளிம்புக்கு வெளியே நான்கைந்து மில்லிமீற்றர் நீட்டிக்கொண்டு நின்றால் போதும். பல் சக்கரத்தின்மேல் ஏறி ஓடினால் பற்களை இரு பக்கமும் சாய்த்து வைத்த செட் நசுங்கிவிடும், சக்கரத்திலும் பள்ளம் விழும்.

ஓடும்போது ஒரு சுற்றுக்கு ஒரு தடவை "டிக், டிக்" என்று ஒரே தாளத்தில் சத்தம் வந்தால் அந்தக் கணமே நிறுத்துங்கள். வாளின் இரு முனைகளையும் சேர்த்த ஒட்டு மேடாக இருக்கலாம், வெடிப்பு விழுந்தும் இருக்கலாம். வெடிப்புச் சின்னதாக இருந்தால் அதன் நுனியில் சென்டர் பஞ்ச் ஒன்றை இலேசாகத் தட்டி அது ஓடுவதைத் தடுக்கலாம். அது அன்றைய வேலையை முடிப்பதற்கு மட்டும். அடுத்தடுத்துப் பல குழிகளில் வெடிப்புத் தெரிந்தால் வாளின் ஆயுள் முடிந்துவிட்டது. ஒட்டிப் பயனில்லை.

ஒட்டில் உடைந்தால்

லண்டனில் வில்லியம் நியூபெரி பாண்ட்சோவுக்குக் காப்புரிமை எடுத்தது 1808இல். ஆனால் ஒட்டு நிற்கவில்லை. அதனால் அந்த மெஷின் பல பத்தாண்டுகள் உதவாமல் கிடந்தது. 1846இல் பாரிஸில் ஆன் போலின் கிரெப்பான் என்ற பெண் முனைகளை நிலைக்க ஒட்டும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். பிறகு அதே நகரத்துப் பெரின் என்பவர் நல்ல உருக்கில் வாள் செய்த பின்னர்தான் பாண்ட்சோ பட்டறைகளுக்குள் நுழைந்தது. ஒட்டுத்தான் இந்த வாளின் பலவீனமான இடம் என்பது இன்றைக்கும் மாறவில்லை.

ஒட்டுக்கு வெட்டும்போது ஒரு முனையைப் புரட்டி, ஒன்றின் பல் மற்றதன் முதுகுப் பக்கம் வரும்படி இரண்டையும் சேர்த்துப் பிடித்து வெட்டுங்கள். வெட்டு கொஞ்சம் கோணலாக இருந்தாலும் திருப்பி வைக்கும்போது இரண்டும் பொருந்திவிடும். வெல்டிங் முடிந்ததும் ஒட்டு மிகவும் கடினமாக இருக்கும். அப்படியே மாட்டினால் முதல் மணித்தியாலத்திலேயே உடையும். நிழலில் மங்கிய சிவப்புத் தெரியும்வரை திரும்பச் சூடாக்கி, மெல்ல மெல்ல ஆறவிட வேண்டும். தண்ணீர் ஊற்றக் கூடாது, காற்றடிக்கும் இடத்திலும் வைக்கக் கூடாது. மேட்டைத் தேய்க்கும்போது வாளின் நீளப்பாட்டிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே விழும் ஒவ்வொரு கீறலும் ஒரு வெடிப்புக்கு வழிவிடும். தேய்த்து முடிந்ததும் உங்கள் சக்கரத்தின் வளைவுக்கு ஒட்டைக் கையால் வளைத்துப் பாருங்கள். உடைவதானால் உங்கள் முன்னால் உடையட்டும், மெஷினில் ஓடும்போது வேண்டாம்.

பலகை ஏன் நெளிகிறது?

நெளிவில் இரண்டு வகை உண்டு. எப்போதும் ஒரே பக்கமாகச் சாய்ந்து போவது ஒன்று. அங்கும் இங்குமாகப் பாம்பு போவது மற்றது. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் உங்களுடையது முதல் வகை.

ஒரே பக்கம் சாய்ந்தால் பல்லின் செட் இரண்டு பக்கமும் சமமாக இல்லை. எந்தப் பக்கம் செட் கூடவோ, எந்தப் பக்கப் பல் கூராகவோ இருக்கிறதோ அந்தப் பக்கம் வாள் இழுக்கும். ஷெல் துண்டில் பட்ட வாளைத் தீட்டி மறுபடி மாட்டினீர்களா? ஒரு பக்கப் பற்கள் மட்டும் அடிபட்டிருந்தால், மழுங்காத பக்கத்துக்கு அது இழுத்துக்கொண்டே இருக்கும். செட் கேஜ் ஒன்று வாங்கிப் பல் பல்லாக அளந்து பாருங்கள். முதிரைபோலக் கடின மரத்துக்குப் பக்கத்துக்கு 0.4 மில்லிமீற்றர் அளவு போதும். ஈரமான, நார் மிகுந்த மரத்துக்கு 0.5வரை போகலாம். பல்லின் மேல் மூன்றில் ஒரு பங்கை மட்டும் சாய்க்க வேண்டும். அடியோடு சாய்த்தால் குழியில் வெடிக்கும்.

பாம்பு போனால் வேறு காரணங்களைத் தேட வேண்டும். வாள் மழுங்கியிருக்கலாம். மரத்தூள் குழியில் அடைத்து வெளியேறாமல் சூடேறலாம். இறுக்கம் குறைந்திருக்கலாம். பின்னேரத்தில் மின்னழுத்தம் இறங்கி மோட்டர் வேகம் குறைந்திருக்கலாம், பெல்ட் வழுக்கலாம். பக்கக் கைட்டுகளுக்கும் வாளுக்கும் இடையில் ஒரு தாள் நுழையும் இடைவெளிக்கு மேல் இருக்கக் கூடாது. மேல் கைட்டை மரத்துக்கு எவ்வளவு கிட்டக் கொண்டுவர முடியுமோ அவ்வளவு கிட்டக் கொண்டுவாருங்கள். பலரும் அதை உயரத்தில் வைத்துவிட்டு வாளைக் குறை சொல்கிறார்கள்.

4 அங்குல வாளுக்கு இன்னொன்றும் உண்டு. அகன்ற வாளின் நடுப்பகுதியை உருளையில் கொடுத்துக் கொஞ்சம் நீளச் செய்திருப்பார்கள். அப்போதுதான் ஓட்டத்தில் பல் பக்கம் விறைப்பாக நிற்கும். வாளை வளைத்துப் பிடித்து அகலப்பாட்டில் நேர்கோல் வைத்தால் நடுவில் மெல்லிய வெளிச்சம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் எவ்வளவு தீட்டினாலும் அது நேராக அரியாது. உருளை வைத்திருக்கும் வாள் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டியதுதான்.

மரத்துக்கு மரம்

சமண்டலையை ஆங்கிலேயர் "ட்ரிங்கோமலி வூட்" என்றே அழைத்தார்கள். சென்னைக் கரையின் மசூலாப் படகுகளுக்கு திருகோணமலையிலிருந்து கப்பலேறிய மரம் அது. நேர் நாரும் இணக்கமும் உள்ள மரம், வாளுக்குத் தொல்லை தராது. அதே வாளை அதே வேகத்தில் பாலைக்குள் விட்டால் நிலைமை வேறு. பாலை தண்ணீரில் தாழும் மரம். முதிரையும் காயக் காய இறுகும். இரண்டையும் தறித்த ஈரத்தோடு அரிந்துவிட்டு, பலகையை அடுக்கி நிழலில் காயவிடுவதே வாளுக்கு நல்லது. மெல்லத் தள்ளுங்கள். ஆனால் மிக மெல்ல வேண்டாம். பல் கடிக்காமல் உரசினால் அதுவும் மழுங்கும். தூளைப் பாருங்கள். சீவலாக விழுந்தால் வாள் அரிகிறது, மாவாக விழுந்தால் தேய்க்கிறது. முதிரைத் தூள் பலருக்குத் தோலில் அரிப்பும் தடிப்பும் கொண்டுவரும். மூக்கை மூடிக்கொண்டு அரியுங்கள், வேலை முடிந்ததும் குளியுங்கள்.

பலாவின் பால் வாளில் ஒட்டிக்கொள்ளும். வாளில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழ வழி செய்து, அதில் பாத்திரம் கழுவும் சோப்பைக் கொஞ்சம் கலந்தால் பிடிக்காது. எரிந்த எஞ்சின் ஒயிலை ஊற்றாதீர்கள். பலகையில் கறை பிடிக்கும், கைக்கும் நல்லதல்ல. பனையின் வைரம் வாளை அரம்போலத் தின்னும். சிலாகை அரியும் நாளில் வழமையைவிட முந்தி வாளை மாற்றுங்கள். பனையே பெரும்பங்கு வேலையென்றால் பல் நுனியில் ஸ்டெல்லைட் வைத்த வாள் விலை கூடினாலும் கட்டுப்படியாகும்.

மரத்துக்குள் இருக்கும் இரும்பு

போர் நடந்த எல்லா நாட்டு மர ஆலைகளுக்கும் இந்தத் தலையிடி உண்டு. முதல் உலகப்போர் முடிந்த பிறகு பிரான்சின் போர்முனைக் காடுகளில் தறித்த மரத்துக்குள் சன்னமும் ஷெல் சில்லும் வந்துகொண்டே இருந்தன. அங்குள்ள ஆலைகள் மெட்டல் டிடெக்டர் வைத்து மரம் வாங்கப் பழகிக்கொண்டன.

மரம் நுனியில்தான் உயர்கிறது. 2006இல் ஆள் உயரத்தில் பாய்ந்த துண்டு இன்றைக்கும் அதே உயரத்தில்தான் இருக்கும். ஆகவே பலகைக்கு மிக நல்ல அடிக்குற்றியில்தான் இரும்பும் மிக அதிகம். வேம்பு பக்கவாட்டில் பருக்கும் மரம். காயத்தின்மேல் புது மரம் வளர்ந்து மூடிவிடும். அன்று மெல்லிய கன்றாக இருந்ததென்றால் துண்டு இப்போது நடுவுக்குக் கிட்ட இருக்கும். அன்றே பெரிய மரமாக இருந்ததென்றால் பட்டைக்குக் கிட்ட இருக்கும். பட்டையில் வடுவோ, காரணமில்லாத புடைப்போ தெரிந்தால் சந்தேகப்படுங்கள். அரிந்த முகத்தில் நீலங்கறுப்புக் கறை ஓடினால் பக்கத்தில் இரும்பு இருக்கிறது. உடனே நிறுத்துங்கள். பனை அப்படிப் பருப்பதில்லை, காயத்தையும் மூடிக்கொள்வதில்லை. துளை பட்டிருந்தால் அது வெளியிலேயே தெரியும். பனையைக் கண்ணால் சோதிக்கலாம், வேம்புக்குக் கருவி வேண்டும்.

கையில் பிடிக்கும் மெட்டல் டிடெக்டர் ஒன்று வாங்குங்கள். நான்கைந்து வாள் தப்பினால் அதன் விலை திரும்பி வந்துவிடும். காந்தம் போதாது. அது மேலோட்டமான இரும்பைத்தான் காட்டும், செம்பும் ஈயமும் அதற்குத் தெரியாது. பட்டையை முழுக்கச் சீவிவிட்டுச் சோதியுங்கள். பெரிய குற்றியென்றால் முதல் பலகை விழுந்த பிறகு அந்த முகத்தையும் ஒரு தடவை பாருங்கள். துண்டு இருக்கும் இடத்தை உளியால் தோண்டி எடுங்கள். வெறும் சில்லாக இல்லாமல் முழுப் பொருளாக எதுவும் தென்பட்டால் கைவைக்க வேண்டாம். ஆட்களை விலக்கிவிட்டுப் பொலிசுக்குச் சொல்லுங்கள்.

சம்பூர்க் காற்று

கொட்டியாரக் குடாவின் உப்புக்காற்று உங்கள் ஆலைக்குள் எந்நேரமும் வீசும். வாடைக் காலத்தில் ஈரமும் சேரும். வாளில் துருப்பிடிப்பது அழகுக் குறைச்சல் மட்டுமல்ல. துரு தின்ற ஒவ்வொரு சிறு பள்ளமும் வெடிப்பு தொடங்கும் இடம். கழற்றிய வாளைத் துடைத்து, மெல்லிய எஞ்சின் ஒயில் தடவி, மடித்துத் தரையில் படாமல் தொங்கவிடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். நாள்பட்டால் பிசுக்காகிவிடும்.

அன்றாட ஒழுங்கு இவ்வளவுதான்:

மழுங்கினாலும் மழுங்காவிட்டாலும் மூன்று நான்கு மணித்தியாலத்துக்கு ஒரு வாள் மாற்றுங்கள். மரம் கடினமென்றால் அதற்கும் முந்தி.

வேலை முடிந்ததும் இறுக்கத்தைத் தளர்த்துங்கள். சூடான வாள் இரவில் குளிர்ந்து சுருங்கும்போது வாளையும் சக்கர அச்சையும் சேர்த்து இழுக்கும்.

சக்கர முகத்தில் ஒட்டிய தூளையும் பிசினையும் சுரண்டுங்கள். ஒரு பக்கம் படிந்த பிசின் வாளை மேடேற்றிப் பக்கவாட்டில் இழுக்கும். சக்கரத்தில் ரப்பர் போட்டிருந்தால் மண்ணெண்ணெய் படவிட வேண்டாம், ரப்பர் ஊதும்.

வாள் மாற்றும்போது மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டுக் கையுறை போடுங்கள். ஓடும்போது கையுறை போடாதீர்கள். மெஷினைப் போட்டதும் வாள் ஓடும் நேருக்கு நிற்காமல் பக்கமாக நில்லுங்கள்.

விற்பதா, வைத்திருப்பதா?

புது மெஷினுக்கு வைத்திருக்கும் பணத்தில் ஒரு பங்கை எடுத்துச் சக்கரங்களின் முகத்தைச் சீராகக் கடைந்து, பேரிங்குகளை மாற்றுங்கள். மிச்சத்தில் 20 கேஜில் மூன்று வாள் வாங்குங்கள். ஒன்று ஓடும்போது ஒன்று தீட்டப்படட்டும், ஒன்று தயாராகத் தொங்கட்டும். வாளுக்கு ஓய்வு கொடுத்தால் இரும்பு ஆறும் என்று சிலர் சொல்வதில் உண்மை இல்லை. வளைந்த கணக்கு அழியாது. மூன்று வாள் வைத்திருப்பதன் பயன், மழுங்கிய ஒன்றை வேறு வழியில்லாமல் ஓட்டும் நிலை வராது என்பதுதான்.

ஆனால் கடைச்சலுக்குக் கொண்டுபோகுமுன் ஒரு சோதனை செய்யுங்கள். சக்கரங்களைக் கழற்றித் தொங்கவிட்டுச் சின்னச் சுத்தியலால் தட்டுங்கள். மணிபோல ஒலித்தால் சரி. மொத்தென்று சத்தம் வந்தால் வார்ப்பிரும்பில் வெடிப்பு இருக்கலாம். ஆரக்காலின் அடியையும் அச்சுத் துளையின் ஓரத்தையும் எண்ணெயும் சோக்கும் போட்டுப் பாருங்கள். வெடிப்பு உறுதியானால் அந்தச் சக்கரத்தை வெல்டிங் பண்ணி ஓட்டாதீர்கள். வேகத்தில் அது சிதறினால் முன்னால் நிற்பவர் தப்ப மாட்டார். அதற்குப் பொருந்தும் சக்கரம் கிடைக்காவிட்டால் மட்டும் மெஷினை மாற்றுங்கள்.